பாறை ஏறிய புகார்

காட்டாற்றின் குறுக்கே மிருகங்கள் ஒரு கொடிப்பாலம் கட்டிக்கொண்டிருந்தன. அதற்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. கொடி அறுக்கலாம், நார் உரிக்கலாம், முடிச்சுப் போடலாம். யார் வேண்டுமானாலும் வரலாம். மழைக்காலத்தில் ஆறு பெருகி இந்தக் கரை மூழ்கிவிடும். அதற்குள் பாலம் முடிந்தால்தான் முயல்களும் எலிகளும் குட்டிகளோடு மேட்டுக் கரைக்குத் தப்பிப் போக முடியும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எதையும் ஒளித்துப் பேசக் கூடாது. எந்தக் கொடியை எங்கே கட்டுவது, எந்த முடிச்சை அவிழ்ப்பது, எல்லாவற்றையும் ஆற்றோரப் பாறையில் ஏறி நின்று எல்லார் காதிலும் விழும்படிதான் பேசவேண்டும். சும்மா சொல்லக் கூடாது, பாலம் கட்டுவதற்கு அது நல்ல வழக்கம்தான்.

முடிச்சுகளைச் சோதிப்பது குரங்கின் பொறுப்பு. கெட்டிக்காரக் குரங்கு. பாதிப் பாலம் அது கட்டியது. ஆனால் அதன் வாய் இருக்கிறதே, அதைக் கட்டத்தான் யாருக்கும் தெரியவில்லை.

"இது முடிச்சா? நீ தின்னுட்டுத் துப்பினதா?" என்று எலியைக் கேட்கும். "உங்க வம்சத்துக்கே விரல் கிடையாது, உனக்கெதுக்கு இந்த வேலை?" என்று முயலைக் கேட்கும். கூட்டம் சிரிக்கும். எலியும் முயலும்கூடச் சேர்ந்து சிரித்துவைக்கும். வேறென்ன செய்வது?

இதற்கென்று மருத மரத்தில் ஒரு விதி கீறி வைத்திருந்தார்கள். யாரையும் இழிவாகப் பேசக் கூடாது, பேசினால் குழுவிடம் முறையிடலாம் என்று. குழு என்றால் இரண்டே பேர். உடும்பு தலைவர், நாரை துணைத் தலைவர். மூன்று வருஷமாக ஒரு புகாரும் வரவில்லை. "நம்ம காட்டு ஒழுக்கம் அப்படி!" என்று இரண்டும் மார்தட்டிக்கொண்டன.

ஒருநாள் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு தூக்கணாங்குருவி வந்தது. கூடு பின்னிப் பழகிய அலகு அதற்கு. காலையிலிருந்து உட்கார்ந்து ஒரு முடிச்சைப் பின்னி முடித்து ஆசையோடு காட்டியது.

குரங்கு அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "டேய் குருவி! பறக்கிறவனுக்குப் பாலம் எதுக்குடா? இதைப் பார்த்தா என் கண்ணு அவிஞ்சிடும். நீ முட்டைக்குள்ளேயே இருந்திருக்கலாம்!"

மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் குருவி உடும்பிடம் போனது.

"உடும்பண்ணே, எனக்குப் பின்னுறது பிடிக்கும். அதனாலதான் வந்தேன். முடிச்சு தப்புன்னா தப்புன்னு சொல்லட்டும். என் பிறப்பை எதுக்கு இழுக்கணும்? நீங்க கொஞ்சம் சொல்லி வைங்க."

உடும்புக்குப் புல்லரித்துவிட்டது. முதல் புகார்! "கவலையே படாதே தம்பி! நம்ம வழக்கப்படி உனக்கு நியாயம் கிடைக்கும்!"

அந்த வழக்கம்தான் வினையாக முடிந்தது.

அன்று மத்தியானமே நாரை பாறையில் ஏறித் தொண்டை கிழியக் கத்தியது. "எல்லாரும் வாங்க! குருவி குரங்குமேல புகார் குடுத்திருக்கு! குருவித் தம்பி, இங்கே ஏறி நின்னு என்ன நடந்ததுன்னு சத்தமா சொல்லு!"

குருவி ஒடுங்கிப்போனது. "இங்கேயா? எல்லார் முன்னாடியுமா?"

"நம்ம காட்டுல ஒளிவு மறைவு கிடையாது!" என்றது உடும்பு பெருமையாக.

குருவி இரண்டு வார்த்தை சொல்லியிருக்கும். அதற்குள் தவளை எகிறியது. "என்னை இதைவிட மோசமா பேசினான். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"முதல்ல அந்த முடிச்சைக் காட்டு!" என்றது காட்டுப்பன்றி. "நல்ல முடிச்சா இல்லையான்னு பார்த்துட்டு அப்புறம் பேசலாம்!"

அவ்வளவுதான். பொழுது சாயும்வரை முடிச்சு பற்றியே பேச்சு. இழுத்தார்கள், கடித்தார்கள், முகர்ந்துகூடப் பார்த்தார்கள். குரங்கு பேசியது முறையா என்ற கேள்வி யாருக்கும் ஞாபகம் இல்லை. கடைசியில் உடும்பு, "குரங்கு பக்கம் இருக்கிறவங்க வாலைத் தூக்குங்க!" என்றது. தவளைக்கு வால் இல்லாததால் காலைத் தூக்கியது. குரங்கு ஜெயித்தது.

குரங்குக்கும் பெருந்தன்மை வந்துவிட்டது. "சரி, மன்னிச்சுக்கோ. உன் மனசு அப்பளம்னு எனக்குத் தெரியாமப் போச்சு!"

கூட்டம் மறுபடி சிரித்தது. உடும்பு இருவரையும் கட்டிப்பிடிக்க வைத்தது. 'புகார் தீர்ந்தது' என்று மருத மரத்தில் கீறியும் வைத்தது.

மறுநாள் குருவி வரவில்லை. "பறவைதானே, பறந்திருக்கும்," என்றது நாரை. அடுத்த நாள் எலிக்குப் பல்வலி. முயலுக்குக் காலில் முள். அணிலுக்கு மாமியார் வீட்டில் ஏதோ விசேஷம்.

பத்து நாள் போயிற்று. "பார்த்தீங்களா தலைவரே, ஒரு புகார்கூட இல்லை! என்ன அமைதி!" என்றது நாரை. அமைதிதான். பாலத்தில்தான் ஆளே இல்லையே!

பதினோராம் நாள் மேற்கே மேகம் கறுத்தது. பாலத்தில் இன்னும் இருபது முழம் பாக்கி. குரங்கு ஒற்றையாளாகக் கட்டிக்கொண்டிருந்தது. உடும்பு எலியின் வளைக்கு ஓடியது.

அங்கே எலி பனங்கொட்டையைக் கடகடவென்று கடித்துக்கொண்டிருந்தது.

"பல்வலி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கண்ணே! அதாவது... நல்லா வலிக்குது!"

"உண்மையைச் சொல்லு. குரங்கு ஏதாவது சொன்னானா? ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே எல்லாரையும் பாறைக்குக் கூப்பிடுறேன்!"

எலி கையெடுத்துக் கும்பிட்டது. "ஐயோ சாமி! பல்லை எல்லாம் பிடுங்கினாலும் பிடுங்கிக்கங்க. அந்தப் பாறையில மட்டும் என்னை ஏத்தாதீங்க!"

பத்து நாளாகக் கொண்டாடிய அமைதி எதனால் வந்தது என்று உடும்புக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. பிடித்த பிடியை விடுவது உடும்புக்குப் பழக்கமில்லை. அன்று விட்டது.

"பாறை வேண்டாம்," என்றது மெதுவாக. "எனக்கு மட்டும் சொல்லு. வெளியே போகாது."

எலி சொன்னது. பிறகு முயலைத் தனியாகப் பார்த்துக் கேட்டது உடும்பு. அணிலையும் தனியாகவே கேட்டது. அதற்கப்புறம் குரங்கை மூங்கில் புதருக்குப் பின்னால் அழைத்துப்போனது.

"நான் இல்லாட்டி இந்தப் பாலமே இல்லை!" என்று குதித்தது குரங்கு.

"நீ மட்டும் இருந்தாலும் இல்லை. அந்த இருபது முழத்தைப் போய்ப் பாரு!"

குரங்கு புதரை விலக்கிப் பாலத்தை எட்டிப் பார்த்தது.

மறுநாள் உடும்பு அறிவித்தது. இந்த மழைக்காலம் முடியும்வரை முடிச்சுகளைச் சோதிப்பது அணில். குரங்கு கட்டலாம், சோதிக்கக் கூடாது. மறுபடி யாரையாவது இழிவாகப் பேசினால் பாலத்துப் பக்கமே வரக் கூடாது.

"யார் புகார் சொன்னது? என்ன சொன்னாங்க?" என்று நாரை கழுத்தை நீட்டியது.

"சொல்ல மாட்டேன்!"

"எனக்கு மட்டுமாவது?"

"உனக்கு நிச்சயமா சொல்ல மாட்டேன்!"

அணில் சோதித்த முதல் முடிச்சு குரங்கினுடையது. "அண்ணே, இது கொஞ்சம் தளர்ந்திருக்கு. இன்னொரு சுத்து சுத்திடுங்க," என்றது. குரங்கு விழித்தது. தப்பு என்பதை இப்படியும் சொல்லலாமா!

எலியும் முயலும் பாலத்துக்குத் திரும்பி வந்தன. அதற்கப்புறம் இரண்டே நாளில் ஐந்து புகார்கள் வந்தன. நாரை தலையில் இறக்கையை வைத்துக்கொண்டது. "காடே கெட்டுப்போச்சு தலைவரே! மூணு வருஷமா ஒண்ணு இல்லை, இப்ப அஞ்சு!"

"கெட்டது எப்பவோ கெட்டுடுச்சு. நம்ம காதுக்கு இப்பத்தான் வருது," என்றது உடும்பு.

ஆறாவது புகாரை ஒரு மைனா கொண்டுவந்தது. தூக்கணாங்குருவி சொல்லியனுப்பியது. குரங்கின்மேல் இல்லை. உடும்பின்மேல்!

"கேக்காத மாதிரி இருந்துடலாம்," என்றது நாரை.

உடும்புக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. பிறகு தலையாட்டியது. "என்மேல வந்த புகாரை நானும் என் கூட்டாளியும் விசாரிச்சா எப்படி? முயல் விசாரிக்கட்டும்."

முயல் மைனாவிடம் கேட்டது, உடும்பிடம் கேட்டது, தீர்ப்பும் சொன்னது. "இந்த மழைக்காலம் முடியும்வரைக்கும் நீங்க குழுவுல இருக்க வேண்டாம். கொடி சுமங்க. குருவி சம்மதிச்சா நேரா போய்த் தப்பை ஒத்துக்கங்க."

குருவி சம்மதித்தது. உடும்பு ஊர்ந்து ஊர்ந்து பக்கத்துக் காட்டுக்குப் போய், குருவி இருந்த மரத்தடியில் நின்றது.

"தம்பி, நீ நம்பிச் சொன்னதை ஊர் முன்னால போட்டு உடைச்சேன். உன்னைக் கேக்காமலே உன்னைப் பாறையில ஏத்தினேன். தப்பு என்னோடது."

குருவி காத்திருந்தது. "அவ்வளவுதானா? அடுத்து 'ஆனா'ன்னு ஒண்ணு வருமே?"

"வராது."

குருவி அலகில் ஒரு நார்த் துண்டை எடுத்துக்கொண்டு பாலத்துக்குக் கிளம்பியது.

மழை கொட்டத் தொடங்கிய அன்று கடைசி முழமும் முடிந்தது. முயல்களும் எலிகளும் குட்டிகளோடு அக்கரைக்கு ஓடின. கொடி சுமந்து முதுகு வீங்கிய உடும்பு எல்லாருக்கும் பின்னால் போனது.

முறையிட வருபவரைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தினால் குறை தீராது, முறையிடும் வாய்தான் மூடிக்கொள்ளும். தனியே கேட்டு, தன் தவறையும் ஒப்புக்கொள்கிறவரிடமே நம்பிக்கை திரும்பி வரும்.