கல் வரும்

“என் சனங்க என் பேச்சைக் கேக்க மாட்டேங்கறாங்கம்மா.”

வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக அறவாழி இதைத்தான் சொன்னார்.

அறவாழி சட்டமன்ற உறுப்பினர். மூன்று முறை ஜெயித்தவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த மடத்தம்மாவுக்கு நாற்பதுகூட இருக்காது. ஆனாலும் மனசு கனத்துப்போனால் அவர் தேடி வருவது இந்த அம்மாளைத்தான். குன்றின் அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். கட்சிக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்த அம்மாளால் யாருக்கும் ஒரு காரியமும் ஆகாது.

சட்டசபைக்கு இரண்டு நாள் விடுமுறை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

“எந்த சனங்க?” என்று மடத்தம்மா கேட்டார்.

“கீழக்குப்பத்து சனங்கம்மா. கடல் வருஷா வருஷம் உள்ள வந்துக்கிட்டே இருக்கு. கோயில் போச்சு. வலை காயப்போடற மேடு போச்சு. இப்போ வீட்டு வாசல்ல அலை அடிக்குது. உள்ள தள்ளி மேட்டுல அரசாங்கம் வீடு கட்டி வச்சிருக்கு. சாவியை வாங்கிட்டுப் போங்கடான்னா ஒருத்தனும் நகர மாட்டேங்கறான்.”

“ஏன்?”

“கல்லு வரும்ங்கறாங்க.”

கடலுக்குள் கருங்கல்லைக் கொட்டி ஒரு கை மாதிரி நீட்டுவார்கள். தூண்டில் வளைவு என்று பெயர். அது அலையைத் தடுக்கும், குப்பம் பிழைத்துக்கொள்ளும் என்று அந்த மக்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

“வரும்னு யார் சொன்னது?”

“யாரும் சொல்லலைம்மா. அவங்களா நினைச்சுக்கறாங்க.” அறவாழி சலித்துக்கொண்டார். “நான் எதையும் மூடி வைக்கறவன் இல்ல. சபை நடக்கற நாள்ல என்ன கேட்டேன், என்ன பேசினேன்னு அன்னிக்குச் சாயங்காலமே எல்லார் போனுக்கும் போயிடும். இந்த மாவட்டத்துல வேற எந்த எம்.எல்.ஏ. இப்படிச் செய்யறான்?”

அது உண்மைதான். மற்றவர்கள் சபைக்குப் போனார்களா, இல்லையா என்பதே அவர்களுடைய தொகுதிக்குத் தெரியாது. அறவாழி சபையில் தும்மினால்கூடத் தொகுதிக்குத் தெரிந்துவிடும்.



அறவாழியின் குரல் இறங்கியது.

“போன வாரம் சுவர் சாஞ்சு ஒரு பொம்பளை செத்துப்போச்சும்மா. செண்பகவல்லின்னு பேரு. துக்கத்துக்குப் போனேன். புருஷன்காரன் என் சட்டையைப் பிடிப்பான்னு நினைச்சுக்கிட்டேதான் போனேன்.”

“பிடிச்சானா?”

“கையெடுத்துக் கும்பிட்டான். ‘எங்களுக்காக அங்க எழுந்து நின்னு கேட்டீங்களே தலைவரே, கல்லு வந்துரும். இவளுக்குத்தான் குடுத்து வைக்கல’ன்னான். அன்னியிலேருந்து எனக்குச் சோறு இறங்கல.”

“இப்போ அவன் எங்க இருக்கான்?”

“அதே வீட்டுலதாம்மா. மிச்சம் நிக்கற சுவரோரமா பிள்ளைங்க ரெண்டையும் படுக்க வச்சிருக்கான். நாளைக்குப் புயல் கரைக்கு வருதுங்கறாங்க. வெளிய வாடான்னு இன்னிக்குக் காலையிலகூட ஆள் அனுப்பினேன். வர மாட்டேன்னுட்டான். இவங்களை எப்படிம்மா கேக்க வைக்கறது?”

மடத்தம்மா கையை நீட்டினார்.

“போன்ல என்ன அனுப்பினீங்க? காட்டுங்க.”

அறவாழியின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. தான் பேசியதை ஒருவர் கேட்கிறேன் என்றால், எந்தத் துக்கத்திலும் அந்த முகம் மலரத்தான் செய்யும். தேடி எடுத்துக் கொடுத்தார்.

படத்தில் அறவாழி எழுந்து நின்றார். “மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே” என்று ஆரம்பித்தார். கோயில் போன கதையைச் சொன்னார், மேடு போன கதையைச் சொன்னார். கடைசியில் விரலை உயர்த்தி, “கீழக்குப்பத்தில் தூண்டில் வளைவு அமைக்க அரசு முன்வருமா?” என்று கேட்டார். மேசைகள் படபடவென்று தட்டப்பட்டன. அவருடைய சிரித்த முகமும் கட்சிக் கொடியும் வந்து, படம் நின்றது.

நன்றாகத்தான் பேசியிருந்தார்.

மடத்தம்மா போனைத் திருப்பித் தரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். திரை அணைந்து கறுத்தது. அப்போதும் பார்த்தார்.

“முடிஞ்சிடுச்சும்மா.”

“ம்.”

மழை வலுத்தது. டிரைவர் வாசலில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனார்.

“அவ்வளவுதாம்மா அது.”

“இருங்க. வரும்.”

“என்ன வரும்?”

“கேள்வி கேட்டிருக்கீங்களே. பதில் வரும்ல?”

அறவாழிக்குக் காது சுட்டது.

“பதிலெல்லாம் அதுல போடறதில்லம்மா. படம் நீளமாப் போனா யாரும் பாக்க மாட்டாங்கன்னு நம்ம பசங்க மேசை தட்டற இடத்தோட வெட்டிடுவாங்க.”

வெட்டச் சொன்னது பசங்கள் இல்லை. அடுத்த வருஷம் தேர்தல்.

அந்த அம்மாள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கறுத்த திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் பார்க்க ஆரம்பித்தார். அவசரமே இல்லாத முகம். துளிக்கூடச் சந்தேகம் இல்லாத முகம். அந்த முகத்தை அறவாழி எங்கோ பார்த்திருந்தார். துக்க வீட்டில் கும்பிட்டவனின் முகம் என்று நினைவு வந்ததும் அவர் கையை நீட்டினார்.

“போனைக் குடுங்கம்மா.”

“வரும்.”

“குடுத்துடுங்கம்மா, போதும்.”

“வந்துரும். இருங்க.”

“வராதும்மா!”

தன் குரலே அவரைத் தூக்கிவாரிப் போட்டது.

“கல்லு வராது. அமைச்சர் அன்னிக்கே சொல்லிட்டார். நான் உக்கார்றதுக்குள்ள எழுந்து சொல்லிட்டார். அந்த இடத்துல கடல் ரொம்ப ஆழம், எவ்வளவு கொட்டினாலும் கல்லு நிக்காது, ஆள் வச்சு ஆராய்ஞ்சு பாத்தாச்சு, குப்பத்தைக் காப்பாத்த வழியே இல்ல, சனங்களையாவது மேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டார். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்னே சொன்னார்மா.”

சொல்லி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. சபையை விட்டு வெளியே வந்த பிறகு இந்த வார்த்தைகளை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அறுபதைத் தாண்டிய மனுஷன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அவர் அழுது முடிக்கட்டும் என்று மடத்தம்மா காத்திருக்கவில்லை. போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“இதை எதுக்குங்க எங்கிட்ட சொல்றீங்க? எனக்குக் கடலோரத்துல வீடு இல்லையே.”