கலெக்டர் ஆபீஸ் சிங்கம்

கலெக்டர் ஆபீஸ் முகப்பில் ஒரு சுதைச் சிங்கம் உண்டு. புதிதாக வந்த கலெக்டர் அதைப் பார்த்து, "வேலை செய்யாத எதுவும் இங்கே இருக்கக் கூடாது. இடியுங்கள்" என்றார்.

அவருக்கு முன்னால் விறைப்பாக நடப்பது ஒன்றே வேலையான டவாலி பிச்சாண்டி, தன் சிவப்புப் பட்டையைக் கழற்றி, உள்ளே போய் அவர் மேசையில் வைத்தார்.

"அப்போ முதல்ல என்னைத்தான் எடுக்கணும் ஐயா. சிங்கத்துக்காவது தலையில முடி இருக்கு. நாளைக்கு ஒருநாள் நான் இல்லாம வந்து பாருங்க."

மறுநாள் கலெக்டர் தனியாக வந்தார். மனுவோடு நின்ற கூட்டத்தில் ஒருவரும் வழிவிடவில்லை. ஓர் அம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள். "கடைசியில போய் நில்லு தம்பி. கலெக்டர் இன்னும் வரல."

வரிசைக் கடைசியில் பிச்சாண்டி நின்றிருந்தார்.

"பட்டையை மாட்டுய்யா" என்றார் கலெக்டர் மெதுவாக.

"சிங்கம் ஐயா?"

"இருக்கட்டும். மூணு பேரும் இருந்துட்டுப் போவோம்."