சளிக்காய்ச்சல் திரும்பிப் படுத்த கதை

அந்தக் காலத்தில் வாத்து பேசினால் மனிதருக்கு விளங்கும், மனிதர் கேட்டால் வாத்து பதில் சொல்லும். நோய்களுக்கும் அப்போது கை கால் இருந்தது. அவை ஊர் ஊராக நடந்தே போய்வந்தன. கண்வலி கோடையில் வரும். சேற்றுப்புண் நடவுக் காலத்தில் வரும். மழை பிடித்துக்கொண்டால் சளிக்காய்ச்சல் வருவான்.

அவனை யாராலும் அடையாளம் வைத்துக்கொள்ள முடிந்ததில்லை. வருஷத்துக்கு ஒரு போர்வை போர்த்துக்கொண்டு வருவான். ஒரு வருஷம் கம்பளி, மறு வருஷம் காவித் துணி. போர்வைக்கு ஏற்றாற்போல முகமும் மாறிவிடும். ஒருமுறை பண்டாரத்தைப் போல வந்தான், இன்னொருமுறை காணாமல்போன மாட்டைத் தேடி வந்தவனைப் போல. மழையில் நனைந்து வாசலில் நிற்கிற ஆளை உள்ளே கூப்பிடாமல் இருப்பது அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் வழக்கமில்லை. உள்ளே வந்தவன் அடுப்போரம் உட்காரமாட்டான். குழந்தை எங்கே படுத்திருக்கிறது என்று பார்த்து, அதன் பக்கத்தில் போய்ப் படுத்து, அதைக் கட்டிக்கொள்வான். கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கும், மூக்கு ஒழுகும், இருமல் பிடித்துக்கொள்ளும். வந்தவன் யார் என்று அப்போதுதான் தெரியும். படுத்தவனைக் கிளப்பவும் முடியாது. ஒரே சமயத்தில் பல வீடுகளில் படுத்துக்கிடக்கவும் அவனால் முடியும். மழை விட்டால்தான் எழுந்து போவான்.

பெரிய ஏரியின் கரையில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த காத்தாயியின் குடிசைக்கும் அவன் அப்படித்தான் ஒரு வருஷம் வந்தான். காத்தாயிக்கும் அவள் புருஷன் சடையனுக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சாத்தன், இளையவள் பவளம். வந்தவன் சாத்தன் பக்கத்தில் படுத்தான். அந்த வருஷம் மழை விடவே இல்லை. சாத்தனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கடைசியில் மழை ஓய்ந்து அவன் எழுந்து போனபோது, சாத்தன் எழுந்திருக்கவில்லை.

காத்தாயி அழுது முடித்ததும் சடையனிடம் சொன்னாள்.

"மாமா, இனிமே மழையில வர்ற ஒருத்தரும் இந்த வாசப்படி தாண்டக் கூடாது. அது சாமியாவே இருந்தாலும் சரி."

சடையன் தலையை ஆட்டினான். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும்?

வெயில் காலம் போய் மறுபடி மேகம் கறுத்தது. முதல் மழை கொட்டிய அன்று சடையன் வாத்துகளோடு ஏரிக்குள் இருந்தான். வாசலில் ஒரு ஆளும் ஒரு பெண்ணும் வந்து நின்றார்கள். ஆளின் தலையில் பாய்க்கட்டு.

"பாய் விக்கறவங்க தாயி. இவளுக்கு இது நிறைமாசம். மழை விடற வரைக்கும் ஓரமா நின்னுக்கறோமே" என்றான் அவன்.

காத்தாயி வாசலின் ஓலைப் படலை இழுத்துச் சாத்தினாள். பவளத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படலின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். அந்த ஆள் கட்டைப் பிரித்து, இருந்த பாய்களையெல்லாம் பெண்டாட்டியின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நின்றான். ரொம்ப நேரம் நின்றான். பிறகு இரண்டு பேரும் மெல்ல நடந்து போனார்கள். அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்ததைக் காத்தாயி பார்த்தாள். ஆனாலும் படலைத் திறக்கவில்லை.

சடையன் திரும்பி வர நேரமாகிவிட்டது. அவர்களைக் கரைமேல் பார்த்து, வேறு வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருந்தான்.

"பாய் அத்தனையும் ஊறிப் போச்சு. இனி ஒண்ணும் விலைக்குப் போகாது" என்று மட்டும் சொன்னான். கஞ்சியைத் தொடாமல் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் கோபித்திருந்தால்கூடக் காத்தாயிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் அவள் வாத்துப் பட்டிக்குப் போனாள். ஒரு கால் விந்தி நடக்கும் பெட்டை வாத்து ஒன்று அங்கே எப்போதும் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருக்கும். அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. அந்தச் சளிக்காய்ச்சல் உங்ககிட்ட வர்றதே இல்லையா?"

"வராம என்ன? மழை விழுந்ததும் முதல்ல எங்ககிட்டதான் வருவான். எங்க நடுவுல ஒரு தூக்கம் போட்டுட்டுத்தான் ஊருக்குள்ளேயே போவான்."

"உங்களுக்கு ஒண்ணுமே ஆகறதில்லையே, அது எப்படி?"

"நீங்க அவன் போர்வையைப் பாக்கறீங்க, முகத்தைப் பாக்கறீங்க. நாங்க குட்டை. எங்க கண்ணுக்கு எட்டறது அவன் காலு மட்டுந்தான். போர்வையை மாத்துவான், முகத்தை மாத்துவான், காலை மாத்த அவனால ஆகாது. விரலெல்லாம் ஒட்டி நடுவுல சவ்வு இருக்கும், எங்களுக்கு இருக்கற மாதிரியே. அதைக் கண்டதும் எங்க உடம்பு சுதாரிச்சுக்கும். அப்புறம் அவன் பக்கத்துல படுத்தாலும் கட்டிக்க முடியாது, கை வழுக்கிட்டுப் போயிடும்."

காத்தாயிக்கு முகம் மலர்ந்தது. "அப்ப நான் காலைப் பாத்தே அவனை வாசல்ல நிறுத்திடுவேன்."

"நீ பாத்தா உனக்குத் தெரியும். பிள்ளை விளையாடப் போற இடத்துக்கெல்லாம் நீ பின்னாடியே போவியா? அந்தப் பிள்ளையோட உடம்புக்கு அந்தக் காலு தெரியணும்."

"உடம்புக்கு எப்படிக் காலைக் காட்டறது?"

"அது எனக்கு என்ன தெரியும்? நான் வாத்து. பசிக்குது, நத்தை கொண்டா" என்று சொல்லிவிட்டு அது போய்விட்டது.

அன்றிலிருந்து காத்தாயி படலைச் சாத்தவில்லை. யார் வந்தாலும் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் குனிந்து பாதத்தைப் பார்த்தாள். விரல் விரலாகப் பிரிந்திருந்தால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஊரில் சிரித்தார்கள். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பாய்க்காரர் இருந்த வீட்டைத் தேடிப்போய், அவர் பெண்டாட்டிக்குக் கொஞ்சம் வாத்து முட்டை கொடுத்தாள். "பயந்துட்டேண்ணே" என்றாள். அவர் சாத்தனைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். "விடு தாயி" என்று மட்டும் சொன்னார்.

ஒரு நாள் மத்தியானம் காத்தாயி வாய்க்காலுக்கு நத்தை பொறுக்கப் போயிருந்தாள். வானம் திடீரென்று இருட்டிக்கொண்டு ஊற்றியது. கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள். குடிசை வாசலில் சடையன் நின்றிருந்தான்.

"ஒரு வயசானவர் வழி தப்பி வந்துட்டார் புள்ள. வெள்ளைச் சால்வை போத்தியிருக்கார். கை காலெல்லாம் வெடவெடன்னு நடுங்குது. இன்னொரு ஆளை வெளியே நிக்கவைக்க எனக்கு மனசு வரல."

காத்தாயி கூடையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

மூலையில் பவளம் படுத்திருந்தாள். அவளை ஒரு கிழவர் கட்டிக்கொண்டு கிடந்தார். சால்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. விரல்கள் ஒட்டியிருந்தன. விரலுக்கு விரல் சவ்வு.

அவள் பின்னாலேயே வந்த சடையனும் அந்தக் காலைப் பார்த்தான். 

காத்தாயி கத்தவில்லை. பவளத்தின் நெற்றியைத் தொட்டாள். சுட்டது. அவனுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். ஈரக் களிமண்ணைத் தொட்டதுபோல் அது சில்லென்று இருந்தது.

"எழுந்திரு. வெளியே போ."

"மழை பெய்யுதே தாயி" என்றான் அவன். "குளிருது."

"போன வருஷம் என் மகனைக் கொண்டுபோனியே, அப்பவும் குளிருச்சா?"

"அந்தப் பையனா? அவன் உடம்பு நல்ல கதகதப்பா இருந்துச்சு. எனக்கு எப்பவும் குளிர்தான் தாயி. நெருப்புகிட்ட உட்கார்ந்தாலும் போறதில்ல. பிள்ளைங்களைக் கட்டிக்கிட்டா மட்டுந்தான் கொஞ்சம் அடங்குது. அவனை விட மனசே வரல. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு இருந்துட்டேன்."

அவன் பொய் சொல்லவில்லை என்பது காத்தாயிக்குத் தெரிந்தது. அவனுடைய பற்கள் குளிரில் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அவன் மேல் இரக்கப்படவும் அவளால் முடியவில்லை, அடிக்கவும் கை வரவில்லை. வெளியே இழுத்துப் போட்டாலும் மழை விடும்வரை திரும்பத் திரும்ப உள்ளே வருவான் என்பதும் தெரியும். பவளம் தூக்கத்தில் இருமினாள். சாத்தனும் இப்படித்தான் முதலில் சின்னதாக இருமினான்.

பிள்ளையின் உடம்புக்கு அந்தக் கால் தெரியவேண்டும் என்று வாத்து சொன்னது காத்தாயிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குனிந்து, அதுவரை யாரும் தொட்டிராத அந்தச் சவ்வுக் கால்கள் இரண்டையும் பிடித்தாள். ஒரு சுற்றாக அவனை இழுத்துத் திருப்பிப் போட்டாள். அவன் தலை பவளத்தின் கால்பக்கம் போனது. அவன் பாதங்கள் பவளத்தின் முகத்துக்கு நேராக வந்தன.

"மழை விடற வரைக்கும் கிட. ஆனா இப்படித்தான் கிடக்கணும். திரும்பினே, திரும்பத் திரும்ப இழுத்துப் போடுவேன்."

அவனை அதுவரைக்கும் ஒருவரும் அதட்டியது கிடையாது. எல்லாரும் அழுவார்கள், இல்லையென்றால் கும்பிடுவார்கள். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சொன்னபடியே கிடந்தான். தலைமாறிக் கிடந்ததால் பவளத்தின் நெஞ்சை இறுக்கிக்கொள்ள அவன் கைக்கு எட்டவில்லை. அவளுடைய முழங்காலை மட்டும் பிடித்துக்கொண்டான்.

அப்படியும் காய்ச்சல் காய்ந்தது. பவளம் கண் எரிய விழித்துப் பார்த்தபோதெல்லாம் அந்தப் பாதங்கள்தான் தெரிந்தன. காத்தாயி கஞ்சித் தண்ணீரை ஊட்டினாள். சடையன் ஈரத்துணியை நனைத்து நனைத்து மகள் நெற்றியில் போட்டான். அவன் காத்தாயியின் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டான்.

"காலைப் பாக்காம நான்தானே உள்ளே விட்டேன்" என்று முனகினான்.

"நனைஞ்சு நின்னவனை விட்டே மாமா. அதுல என்ன தப்பு? துணியைப் பிழி" என்றாள் காத்தாயி.

ஒரு நேரம் பவளத்துக்கு முனகல்கூட நின்றுபோய்க் குடிசையே அமைதியாகிவிட்டது. காத்தாயி பயந்துபோய்க் குனிந்தாள். பவளம் கண்ணைத் திறந்துகொண்டு, ஒரு விரலால் அந்தக் கால்விரல்களின் சவ்வைத் தடவிக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கூசியது. காலை இழுத்தான். அவள் மறுபடி தடவினாள். அவன் சிரிக்கத் தெரியாத ஒரு சிரிப்பாகச் சிரித்துவிட்டான்.

மழை விட்டது. அவன் சால்வையை உதறிப் போர்த்திக்கொண்டு வாசலுக்குப் போனான். ஒருமுறை திரும்பி, "போயிட்டு வரேன்" என்றான். அவன் போன பிறகு பவளம் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, பசிக்குது" என்றாள். காத்தாயி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். சாத்தனுக்காக அழுததுபோலவே இருந்தது அந்த அழுகை, ஆனால் அழ அழ நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.

அடுத்த வருஷ மழையில் அவன் வளையல்காரனாக வந்தான். பச்சைப் பட்டு போர்த்தியிருந்தான். தோளில் வளையல் சரம் குலுங்கியது. ஏரிக்கரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவ்வளவு பேரும் ஓடிப்போய் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். பவளமும் ஓடினாள். காத்தாயி தூரத்தில் வாத்துகளை ஓட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுக் கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஆனால் எட்டுகிற தூரமில்லை.

அவன் பவளத்தைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினான். அவளுக்கு வளையல் கண்ணில் படவே இல்லை. உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை அவள் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. 'அச்' என்று ஒரு தும்மல் போட்டாள். பிறகு கீழே பார்த்தாள்.

"ஐயே, நீதானா!" என்று சிரித்தாள்.

அவன் கை அவள் தோளிலிருந்து வழுக்கிக்கொண்டு போயிற்று. இன்னொருமுறை பிடித்துப் பார்த்தான். நிற்கவில்லை. அவனுக்குக் கோபம் வந்ததா, வெட்கம் வந்ததா, இவ்வளவு நாளில் தன்னை அடையாளம் கண்டுகொள்ள ஒரு ஆளாவது இருக்கிறதே என்று சந்தோஷம் வந்ததா, அதைக் காத்தாயியால் சொல்ல முடியவில்லை. அவன் பட்டை இழுத்து மூடிக்கொண்டு வேறு பிள்ளைகள் பக்கம் போய்விட்டான். அந்தப் பிள்ளைகள் அன்றைக்கே படுத்துக்கொண்டார்கள்.

அவர்களைப் பெற்றவர்கள் காத்தாயியின் குடிசைக்கு ஓடிவந்தார்கள். அவளும் மறைக்கவில்லை, வீடு வீடாகப் போய் அவன் காலைப் பிடித்துத் திருப்பிப் போட்டாள். சில பிள்ளைகள் காய்ச்சலிலும் கண்ணைத் திறந்து அந்தக் காலைப் பார்த்தன. சில பிள்ளைகள் காலைப் பார்க்காமல் பச்சைப் பட்டின் மினுக்கத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தன. சில வீடுகளில் பெற்றவர்கள் அவனைத் தொடவே பயந்தார்கள், காத்தாயி வருவதற்குள் மழையே விட்டுவிட்டது. ஒரே வீட்டில் அண்ணன் காலைப் பார்த்திருப்பான், தங்கை பார்த்திருக்கமாட்டாள். யார் பார்த்தது, யார் பார்க்கவில்லை என்பது பெற்றவர்களுக்குத் தெரியாது. அடுத்த மழை வந்தால்தான் தெரியும்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இது: தெருவே இருமிக்கொண்டு கிடக்கிற மழைக்காலத்திலும் சில பிள்ளைகள் மட்டும் ஒரே ஒரு தும்மலைப் போட்டுவிட்டு, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, விளையாடப் போய்விடுகிறார்கள்.