கடைக்கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஜெபக்கனி டீச்சரிடம் யாரும் ஒரே கேள்வியை மறுபடி கேட்பதில்லை. முதல் தரம் கேட்டதற்கே பதில் வர நாளாகும். அதற்குள் கேட்டவளுக்குக் கல்யாணமே முடிந்துவிடும் என்று பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளம் முடிகிற இடத்தில் இருந்தது அவருடைய கபடிக் களம். பக்கத்தில் ஒரு மரம் கிடையாது. காற்றடித்தால் உப்பும் சேர்ந்து வந்து உதட்டில் ஒட்டும். உப்பு வாரிக் களைத்த பெண்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே வந்து ஆடுவார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லிக் கொடுப்பவர். சாயங்காலம் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

களத்துக்குக் கோடு போடுகிற வேலையை மட்டும் அவர் யாரிடமும் விட்டதில்லை. சுண்ணாம்புத் தூள் டப்பாவோடு குனிந்தபடியே போவார். மற்றக் கோடுகளை ஒரு தரம் போடுவார். நடுக்கோட்டை மட்டும் போட்டு முடித்து, திரும்ப வந்து அதன் மேலேயே இன்னொரு தரம் போடுவார்.

ஏன் என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

“போறவளுக்கு எல்லாக் கோடும் தெரியும். வாறவளுக்கு மூச்சு இருக்காது. கண்ணு இருட்டும். அவளுக்கு இது தெரியணும்,” என்றார் டீச்சர்.

அவர் சொல்லிக் கொடுத்த கபடி அவ்வளவுதான். எதிராளியைத் தொடுவது யாருக்கும் வரும். தொட்டபின், மூச்சை விடாமல், எத்தனை பேர் மேலே விழுந்தாலும் திரும்பி வந்து நடுக்கோட்டில் கையை வைக்க வேண்டும்.

இசக்கியம்மாளைப் போலத் திரும்பி வருகிறவள் அந்தக் களத்தில் இல்லை. இடுப்பை ஒருத்தி, காலை ஒருத்தி பிடித்துக்கொண்டு கிடப்பார்கள். அவள் கை மட்டும் மண்ணைப் பிறாண்டிக்கொண்டே வந்து கோட்டைத் தொடும். அதற்கு ஒரு காரணம் இருந்தது. நடுக்கோடு முடிகிற இடத்தில் ஒரு சாக்கை விரித்து, தன் பெண் பிள்ளை சித்துவை அதில் உட்கார வைத்திருப்பாள். பிள்ளை கையில் பொரி இருக்கும். அம்மா வந்து விழுந்ததும் அவள் வாயில் ஒரு பொரியை வைக்கும்.

சித்து வயிற்றில் இருக்கும்போதே இசக்கியின் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். கபடிக்காரிகளைப் போலீசுக்கு எடுத்த வருஷம் அவள் மாசமாக இருந்தாள். மறுபடி எடுத்தபோது வயசு தாண்டிவிட்டது. மாமியாரும் உப்பளத்துக்காரிதான். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவள் பாதம் இரண்டும் வெந்து, இப்போது கதவைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். இசக்கியின் குதிகாலிலும் வெடிப்பு விழ ஆரம்பித்திருந்தது. ராத்திரி அதில் எண்ணெய் தேய்க்கும்போது மாமியார் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பங்குனி வெயிலில் லோசா என்கிற பெண் அந்தக் களத்துக்கு வந்தாள். எங்கேயோ கடலுக்குள் இருக்கிற தீவில் பிறந்தவள். ஆஸ்திரேலியாவில் ஒரு ரக்பி லீக் கிளப்புக்கு ஆள் பிடிக்கிற வேலை. கூடவே அவள் பேசுவதைத் தமிழில் சொல்லச் சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். அந்த ஊரில் ஆடுகிறவர்கள் போதவில்லையாம். அதனால் வேறு நாட்டில், வேறு ஆட்டம் ஆடுகிறவர்களில் நல்ல உடம்பாகப் பார்த்து எடுக்கிறார்களாம். ஓர் ஊரில் குஸ்திக்காரி, ஓர் ஊரில் ஓட்டக்காரி. இங்கே கபடிக்காரி.

ஆட்டத்தைத் தம்பி சொன்னார். முட்டை மாதிரி ஒரு பந்து. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். மறிக்கிறவர்களை இடித்துக்கொண்டு போய், அவர்களுடைய கடைசிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைத் தரையில் வைக்க வேண்டும். விழுத்தாட்டினால் எழுந்து மறுபடி ஆட வேண்டும்.

“திரும்பி எப்ப வரணும்?” என்று இசக்கி கேட்டாள்.

திரும்பி வருவதே கிடையாது என்றார் தம்பி.

பந்தை இசக்கி கையில் கொடுத்தார்கள். கைப்பிள்ளையைப் பிடிப்பதுபோலத்தான் பிடித்தாள். அதுதான் சரியான பிடி என்று லோசா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். இசக்கி ஓடினாள். மறித்து நின்ற பெண்களில் முதல் ஆளை ஏமாற்றினாள். இரண்டாம் ஆளைத் தோளால் தொட்டாள். தொட்டதுதான், அவள் உடம்பு அப்படியே திரும்பிவிட்டது. பந்தோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கபடி கபடி என்று முணுமுணுத்தபடி வந்த வழியே ஓடி, சித்துவின் காலடியில் வந்து விழுந்தாள்.

பிள்ளை அவள் வாயில் ஒரு பொரியை வைத்தது.

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “ஏட்டி இசக்கி, பந்த வீட்டுக்கா தூக்கிட்டுப் போற? சோறு பொங்கவா?” என்றாள் ஒருத்தி.

மறுபடி ஓடச் சொன்னார்கள். மறுபடியும் தொட்டதும் திரும்பினாள்.

லோசா சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசினாள். அவள் முதலில் நெட்பால் ஆடியவளாம். அதில் பந்தைப் பிடித்ததும் நின்றுவிட வேண்டும். ரக்பிக்கு வந்த புதிதில் அவளும் பந்து கைக்கு வந்ததும் நின்றுவிடுவாளாம். எல்லாரும் வந்து இடித்துப் போட்டுவிட்டுப் போவார்களாம்.

“அதெல்லாம் மறக்க வெச்சிடுவாங்களாம் அக்கா,” என்றார் தம்பி. “இப்ப இவங்க எங்கயும் நிக்கிறதில்லையாம்.”

கடைசியாக எப்போது தன் ஊருக்குப் போனாள் என்று லோசாவிடம் கேட்கச் சொன்னாள் இசக்கி. தம்பி கேட்டார். லோசா இசக்கியின் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

மதுரைப் பக்கம் இன்னும் சில ஊர் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார்கள். வரும்போது இசக்கி திரும்பாமல் ஓடினால் கூட்டிப் போவார்கள். இரண்டு வருஷம் அங்கே இருக்க வேண்டும். பிள்ளையைக் கொண்டுபோக முடியாது. பழகட்டும் என்று அந்தப் பந்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

எல்லாரும் போனபிறகு இசக்கி பந்தோடு டீச்சர் முன்னால் வந்து நின்றாள். டீச்சர் சுண்ணாம்பில் கிடந்த கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“திரும்பாம ஓடச் சொல்லிக் குடுங்க டீச்சர்.”

“நான் திரும்பத்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“தெரியும் டீச்சர்.”

டீச்சர் அவள் காலைப் பார்த்தார். குதிகால் வெடிப்பில் உப்பு வெள்ளையாக நிறைந்திருந்தது. வெகு நேரம் கல்லைப் பொறுக்கினார். பிறகு ரோஸ்லின் என்று ஒருத்தியின் கதையைச் சொன்னார்.

ரோஸ்லின் இசக்கிக்கு முன்னால் அங்கே ஆடியவள். அவளையும் இப்படித்தான் வேறொரு நாட்டுக்காரர்கள் வந்து கூட்டிப் போனார்கள். போய் நல்லபடியாக ஆடினாள். வீட்டுக்கு ஓடு மாற்றிக் கொடுத்தாள். சில வருஷம் கழித்து லீவுக்கு வந்தவள், ஆசைக்கு ஒரு ஆட்டம் ஆடுகிறேன் என்று களத்தில் இறங்கினாள். கபடி பாடிக்கொண்டு போனாள். ஒருத்தியைத் தொட்டாள், இன்னொருத்தியைத் தொட்டாள். தொட்டவள் திரும்பவில்லை. நேரே ஓடி, கடைக்கோட்டையும் தாண்டி, உப்பள வரப்பு வரைக்கும் போய்விட்டாள்.

“நாங்க சிரிச்சோம். அவளும் அங்கன நின்னு சிரிச்சா,” என்றார் டீச்சர். “அவ அம்மா நடுக்கோட்டுல நின்னுக்கிட்டு இருந்தா. அவ சிரிக்கல.”

“பொறவு?”

“போயிட்டா. அம்மா அடக்கத்துக்குப் பூ அனுப்பி வச்சா. பெரிய பூ.”

இசக்கி பந்தை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றினாள். தனக்கு வேறு வழி இல்லை என்றாள். இரண்டு வருஷம் பிள்ளையை விட்டிருந்தால், பிறகு பிள்ளை இந்தத் தண்ணீரில் கால் வைக்க வேண்டியிருக்காது என்றாள். சொல்லும்போது அவள் சித்துவைப் பார்க்கவில்லை.

“அவுக மறக்கடிப்பாவ,” என்றார் டீச்சர். “நான் மறக்கடிக்க மாட்டேன்.”

அதற்கு என்ன அர்த்தம் என்று இசக்கிக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. டீச்சர் மாட்டேன் என்று சொல்லிவிட்டதாக நினைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் டீச்சர் எல்லாருக்கும் முன்னால் வந்திருந்தார். கோடு போட்டு முடித்திருந்தது. இசக்கி வழக்கம்போல நடுக்கோட்டு ஓரத்தில் சாக்கை விரித்தாள். டீச்சர் சித்துவைத் தூக்கினார். சாக்கையும் எடுத்தார். எதிர்ப்பக்கம் நடந்து, கடைக்கோட்டையும் தாண்டிப் போய், அங்கே சாக்கைப் போட்டுப் பிள்ளையை உட்கார வைத்தார். பொரிப் பையைக் கையில் கொடுத்தார்.

மற்றப் பெண்களைக் குறுக்கே நிற்கச் சொன்னார்.

இசக்கி ஓடினாள். ஒருத்தியைத் தொட்டதும் உடம்பு திரும்பியது. நடுக்கோட்டு ஓரத்தில் பிள்ளை இல்லை. வெறும் மண் இருந்தது. அவள் திகைத்து நிற்கும்போதே இரண்டு பேர் வந்து விழுத்தாட்டினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து “அம்மா” என்று பிள்ளை கூப்பிட்டது.

எழுந்து மறுபடி ஓடினாள்.

அன்றைக்கும் முடியவில்லை. அடுத்த நாளும் முடியவில்லை. முழங்கை தோல் உரிந்தது. பிள்ளைக்கு அது விளையாட்டாக இருந்தது. அம்மா விழ விழ கை தட்டிச் சிரித்தது. பொரியை எடுத்து நீட்டி வா வா என்றது. லோசா வருவதற்கு முந்தின நாள் இசக்கி திரும்பவில்லை. ஒருத்தியை இடித்துத் தள்ளினாள். இன்னொருத்தி இடுப்பில் தொங்கினாள், அவளையும் இழுத்துக்கொண்டு போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் மண்ணும் ரத்தமுமாக, கண்ணை உருட்டிக்கொண்டு கடைக்கோட்டைத் தாண்டிப் பிள்ளைக்கு முன்னால் போய் விழுந்தாள்.

சித்து வீல் என்று அலறியது. பொரியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி டீச்சரின் காலைக் கட்டிக்கொண்டது. இசக்கி கையை நீட்டினாள். பிள்ளை வரவில்லை.

“பயந்துட்டா டீச்சர்.”

“தாண்டிட்ட,” என்றார் டீச்சர்.

லோசா வந்தாள். அன்றைக்குச் சித்துவை மாமியார் வீட்டில் வைத்துக்கொண்டாள். இசக்கி பந்தை வாங்கினாள். அந்தப் பக்கம் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனாலும் அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு ஓடினாள். திரும்பவே இல்லை. தாண்டி, பந்தைத் தரையில் வைத்து, தலையைத் தூக்கி அங்குமிங்கும் பார்த்தாள். லோசா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். என்ன தேடுகிறாய் என்று தம்பியை விட்டுக் கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் இசக்கி.

புறப்படுகிற அன்று சாயங்காலம், புதுச் செருப்பும் பையுமாக அவள் களத்துக்கு வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரத்தில் விட்டாள். சித்து அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் சூழ்ந்துகொண்டு, அங்கே போய்ச் சோறு கிடைக்காமல் இளைத்துவிடாதே என்றார்கள். வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டு வந்துவிடாதே என்றாள் ஒருத்தி. இசக்கியும் சிரித்தாள். ஊருக்குப் போகிறவளை அழவைக்கக் கூடாது என்று அவர்கள் அப்படிப் பேசினார்கள்.

டீச்சர் நடுக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். இசக்கி அவர் பின்னாலேயே நடந்தாள்.

“டீச்சர். அங்க அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ள இருக்க மாட்டாளே. நான் எதப் பாத்து ஓட?”

டீச்சர் கோட்டின் கடைசி வரைக்கும் போனார். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு திரும்பி, போட்ட கோட்டின் மேலேயே மறுபடி தூளைப் போட்டுக்கொண்டு வந்தார். இசக்கி நின்ற இடத்துக்கு வந்ததும் நின்றார்.

“தாண்டுனதும் தேடு. தெனமும் தேடுவ. இருக்க மாட்டா. வலிக்கும். வலிக்கிற வரைக்கும் ஆடு.”

“ஒருநா தேடாம இருந்துட்டேன்னா?”

“அன்னைக்கே பந்தக் கீழ வச்சிட்டுப் பொறப்பட்டு வந்துரு. பொறவு வந்தன்னா, நான் எத்தன தரம் போட்டாலும் ஒனக்கு இந்தக் கோடு தெரியாது.”

இசக்கி தூங்குகிற பிள்ளையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள். நடுக்கோட்டை மிதிக்காமல் தாண்டிப் போய், செருப்பை மாட்டிக்கொண்டாள்.