பேச மறுத்த நிரல்

பள்ளிக் கணினிகளுக்காக இயங்குதளம் கட்டும் கூடம் அது. அதை நடத்திய ரெஜினாவை எல்லோரும் ஆசான் என்பார்கள். செந்தாமரை மட்டும் அக்கா என்பாள். கோபம் வந்தால் அதுவும் கிடையாது.

அன்று அதுவும் இல்லாமல்தான் உள்ளே வந்தாள்.

"பள்ளிகளுக்குப் போற வெளியீட்டுலேருந்து என் நிரலைத் தூக்கிட்டீங்களாமே?"

திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் நிரல் அது. பார்வையற்றோர் பள்ளிக்காக அவள் எழுதியது.

"மத்த கணினியில திறக்கவே மாட்டேங்குது. குரல் கொடுக்கிற துணை நிரல், அந்த லைப்ரரி, கிடைக்கலைன்னு நின்னுடுது," என்றாள் ஆசான்.

"என் கணினியில நல்லாப் பேசுதே! பார்க்கிற பிள்ளைங்களுக்கு எல்லாம் ரெடி. கேட்டுப் படிக்கிற பிள்ளைங்க மட்டும் அடுத்த வெளியீடு வரைக்கும் காத்திருக்கணுமா? எந்த ஊர் நியாயம் இது?"

ஆசான் எழுந்து செந்தாமரையின் கணினிக்குப் போனாள். அவள் கணக்கை மூடிவிட்டு, விருந்தினர் கணக்கில் நுழைந்து, நிரலைத் திறந்தாள்.

கணினி வாயே திறக்கவில்லை.

"நகருங்க." செந்தாமரை விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். நிரல் லைப்ரரியைத் தேடிப் போகும் இடம் திரையில் வந்தது. அவளுடைய சொந்த ஃபோல்டர். வேறு யாரும் நுழையக் கூடாதென்று அவளே பூட்டி வைத்தது.

"எல்லா நிரலுக்கும் பொதுவா ஒரு இடம் இருக்கே. லைப்ரரியை அங்கே வைக்கலையா?" என்று கேட்டாள் ஆசான்.

"அங்கே இருக்கிறது பழசு. தமிழை வெள்ளைக்காரன் மாதிரி வாசிக்குது. பொது லைப்ரரியெல்லாம் பிரான்சிஸ் அண்ணன் பொறுப்பு. புதுசை வைங்கன்னு கத்தினேன். 'மாத்தினா மத்த நிரல் உடையும், உன் ஒருத்திக்காக முடியாது'ன்னுட்டார். போங்கன்னு புதுசை என் ஃபோல்டர்ல வச்சு இணைச்சுக்கிட்டேன்."

"பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை இதைத் திறந்தா, எங்கே போய்த் தேடும்?"

"என் ஃபோல்டர்ல."

"அங்கே உன் ஃபோல்டர் ஏது?"

செந்தாமரை உதட்டைக் கடித்தாள். கோபம் மட்டும் இறங்கவில்லை.

"அதுக்காக பிரான்சிஸ் அண்ணன் சொன்னது சரியாயிடுமா?"

"ஆகாது."

"அப்புறம்? நான்தான் சண்டையும் போட்டுப் பார்த்துட்டேனே!"

"உன் கணினி பேச ஆரம்பிச்சதும் சண்டையை நிறுத்திட்டே," என்றாள் ஆசான். "வெளியீட்டை நான் நிறுத்தி வைக்கிறேன். பிரான்சிஸ் கீழே டீ குடிச்சுக்கிட்டு இருக்கார். போ, மறுபடி ஆரம்பி."