சன்னல் வழியே வந்தவள்

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவின் நடுவே ஒரு தியான இல்லம் இருந்தது. அதை நடத்தியவர் மங்கையர்க்கரசி. அவரிடம் சீடராக வந்த தணிகாசலம் அவரைவிட வயதில் மிக மூத்தவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சீடர் குருவை ‘அம்மா’ என்பார். குரு சீடரை ‘ஐயா’ என்பார்.

அந்த ஆண்டு குளிர் தாங்கவில்லை. தியான நேரத்துக்காகக் கீழ்க்கூடத்தில் கேஸ் ஹீட்டர் வைத்தார்கள். அதன் புகைக்குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது.

மூடுபனி இறங்கிய ஒரு மதியம் தணிகாசலம் குருவிடம் வந்தார். முகம் வெளிறியிருந்தது. கண்கள் மட்டும் மலர்ந்திருந்தன.

“அம்மா, செத்தவங்க திரும்பி வருவாங்களா?”

“யார் வந்தாங்க?”

“வேதவல்லி. என் சம்சாரம். என் அறை மூலையில நிக்கிறா. உயிரோட இருந்தப்போ எப்படி ‘ஏங்க’ன்னு கூப்பிடுவாளோ, அப்படியே கூப்பிடுறா.”

“எப்ப வர்றாங்க?”

“கீழே எல்லாரும் தியானத்துக்கு உட்கார்ற நேரத்துல. காத்து அசையாம பனி நின்னா கட்டாயம் வருவா. அவ வரட்டும்னு சன்னலைத் திறந்து வைக்கிறேன். முதல்ல காதுக்குள்ள ஒரு இரைச்சல். அப்புறம் அவ.”

“அவங்க போன பிறகு உடம்பு எப்படி இருக்கு?”

“தலை பிளக்குது. கால்ல பலமில்ல. நேத்து வாந்தி எடுத்தேன். அவ்வளவு பெரிய விஷயத்தை இந்த உடம்பு தாங்குமா அம்மா?”

“என்ன சொல்றாங்க?”

“‘படுத்துக்கோங்க, எந்திரிக்காதீங்க’ன்னு சொல்றா.”

குரு எழுந்தார்.

“இன்னிக்கு அங்கே நான் உட்கார்றேன்.”

மாடியில் தணிகாசலத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தணிகாசலம் படியில் காத்திருந்தார். கீழே தியானம் தொடங்கியது. பேச்சொலி அடங்கியது. உள்ளே குரு யாரிடமோ மெல்லப் பேசுவதுபோல் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

அவர் கதவைத் தட்டலாமா என்று எழுந்தபோது கதவு திறந்தது. குரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதட்டில் நிறமே இல்லை.

நேரே படியிறங்கினார். தன் கையாலேயே ஹீட்டரை அணைத்தார். கூடத்தில் இருந்தவர்களை எழுப்பி வெளியே அனுப்பினார். பிறகு வீட்டின் பின்பக்கம் போனார். தணிகாசலமும் தொடர்ந்தார்.

தணிகாசலத்தின் அறைச் சன்னலுக்கு நேர்கீழே இருந்தது புகைக்குழாயின் வாய். அதிலிருந்து கடைசி வெள்ளை ஆவி வெளிவந்தது. அது எங்கும் கலையவில்லை. சுவரைத் தடவியபடி மேலேறி, தெரிந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் திறந்த சன்னலுக்குள் போயிற்று. சன்னல் விளிம்பில் இருந்த தொட்டிச்செடி அடிப்பக்கம் கருகியிருந்தது.

“ஒரு வாசனையும் வரலையே அம்மா.”

“வராது. இந்த விஷப்புகைக்கு வாசனை கிடையாது.”

ஊருக்குள்ளிருந்து ஃபிட்டர் வரும்வரை யாரும் ஹீட்டரைத் தொடவில்லை. கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்தார்கள். குரு கூடவே நின்று குழாயை மாற்ற வைத்தார். கதவு, சன்னல் எதன் பக்கமும் வராமல் அது கூரைக்கு மேலே ஏறிப் போனது.

அதன் பிறகும் பனி இறங்கியது. காற்று அசையாமல் நின்றது. தணிகாசலம் சன்னலைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். தலை வலிக்கவில்லை. கால் நடுங்கவில்லை. மூலை வெறும் மூலையாக இருந்தது.

பல நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு குருவிடம் வந்தார்.

“அவளை ரெண்டாவது தடவையும் சாகடிச்சுட்டீங்க.”

குரு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“என் வலி உங்களுக்கு எப்படித் தெரியும்? அன்னிக்கு அந்த அறையில நீங்க யாரையும் பார்க்கல.”

“பார்த்தேன்.”

“யாரை?”

“என் பொண்ணை. சின்ன வயசுல போயிட்டா. மடியில வந்து உட்கார்ந்தா. கழுத்தைக் கட்டிக்கிட்டு, ‘தூங்கும்மா’ன்னா.”

தணிகாசலத்தின் கோபம் எங்கோ போயிற்று.

“அப்புறம்?”

“மடியிலிருந்து இறக்கி விட்டுட்டு எந்திரிச்சேன் ஐயா. கீழே எல்லாரும் உட்கார்ந்திருந்தாங்க.”