பானை தட்டாத நாள்

டொக், டொக், டொக். வேலாத்தா சாயப்பானையின் விளிம்பைக் குச்சியால் தட்டிவிட்டு, கவிழ்க்காமல் ஆற்றைப் பார்த்து நின்றாள்.

“எல்லாரும் போயாச்சுங்களா?”

“கொஞ்சம் பொறுங்க அம்மணி,” என்றது தண்ணீருக்கு மேலே தலை நீட்டிய ஆண் விரால். “கெளுத்தி இன்னும் மீசை சீவி முடிக்கலை.”

மீன்கள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. சாயவேரும் படிகாரமும் ஊறிய சிவப்புத் தண்ணீர் பட்டால் மீனின் செவுள் அடைத்துவிடும். அதனால் கொட்டுவதற்கு முன் மூன்று தட்டு. மீன்கள் பக்கத்து வாய்க்காலுக்குள் ஒதுங்கும். சிவப்பு கடந்து போனதும் திரும்பி வரும்.

ஐப்பசியில் வேலாத்தாவின் கணவன் சென்னியப்பன் இறந்துபோனான். சாவு விழுந்த வீட்டில் பதினாறு நாள் பானை தட்டக் கூடாது. தட்டினால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று போன உயிர் திரும்பி வந்துவிடும் என்பார்கள். அவளுக்குத் தட்ட ஆசையாகத்தான் இருந்தது. தட்டவில்லை.

சென்னியப்பன் கடைசியாக ஊற வைத்த பானை பதினோராம் நாள் நுரைத்து நாறியது. அதைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள்.

“விலகிக்கோங்க,” என்று சொன்னாள். தட்டு இறங்கும் ஆழத்துக்குப் பேச்சு இறங்காது. பதில் வரவில்லை. போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு கவிழ்த்தாள்.

ஆண் விரால் அப்போது இரை தேடி வாய்க்காலுக்குள் போயிருந்தது. பெண் விரால் குஞ்சுகளோடு மடுவின் அடியில் கிடந்தது. சிவப்பு இறங்கி வருவதைக் கண்டதும், குஞ்சுகளை ஒவ்வொன்றாக மூக்கால் முட்டி மேலே தள்ளியது. “மேலே போங்க. காத்தைக் குடிங்க. கீழே பார்க்காதீங்க.” கடைசிக் குஞ்சையும் தள்ளிய பிறகு, தான் மேலே வர அதற்குத் தெம்பில்லை.

ஆண் விரால் திரும்பி வந்தபோது குஞ்சுகள் சிவந்துபோய் மேலே மிதந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அது கரையோரம் வந்தது.

“ஏனுங்க அம்மணி தட்டலை?”

“சாவு வீடுங்க.”

“எங்க வீடும் இப்ப அதுதானுங்க.”

வேலாத்தா காலிப்பானையைக் கீழே வைத்தாள்.

“தட்டினா போனவங்க திரும்பி வருவாங்களாமே,” என்றது விரால்.

“அப்படிச் சொல்லுவாங்க.”

“ஒருக்கா தட்டுங்க.”

பதினாறு முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. அவள் குச்சியை எடுத்துத் தட்டினாள். விரால் மடுவுக்கு நேர் மேலே போய், வாயைத் திறந்து சுற்றிப் பார்த்தது. கீழே போனது. மறுபடி மேலே வந்து பார்த்தது. அதன் பிறகு எந்த மனிதரோடும் அது பேசவில்லை.

அன்று முதல்தான் விரால் குஞ்சுகள் சிவப்பாகப் பிறக்கின்றன, தண்ணீருக்குள்ளேயே வாழும் விரால் சற்றைக்கொரு தரம் மேலே வந்து வாய் திறக்கிறது. மூச்சு வாங்க வருகிறது என்கிறார்கள். இப்போது கரையில் பானைகள் இல்லை, சாயத்தண்ணீர் கொட்டும் குழாய்கள் இருக்கின்றன. குழாயை யாரும் தட்டுவதில்லை. விரால் வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

அன்று மூன்றாவது தட்டு தட்டியதும், வேலாத்தா தன் வீட்டு வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.